மரண அறிவித்தலில் நான் எழுதிய முழு விபரம்

கொழும்பு புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். காணிப் பத்திரமான உறுதி எழுதுவதுதான் என் வேலை. காணியின் நான்கு எல்லைகள், பரப்பளவு, உரிமையாளரின் முழுப்பெயர், மறுபெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் உறுதி திரும்பி வரும். அந்தப் பழக்கம் மெல்ல வீட்டுக்கும் வந்துவிட்டது. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடித் தொடர்மனையின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். தண்ணீர் மோட்டர் போட்ட நேரம், லிப்ட் நின்ற நாள், மின்மானி வாசித்தவர் வந்துபோன மணி, எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதுவேன். அயலவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஏதாவது தேவை வந்தால் அவர்களே வந்து கதவைத் தட்டுவார்கள்.

அப்படி வருகிற தேவைகளில் ஒன்று மரண அறிவித்தல். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலை எழுதுவது உறுதி எழுதுவதைவிடச் சிரமமானது. பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர் பெயர், மனைவியின் பெயர், பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், பெறாமக்கள் எல்லோரையும் முறை தவறாமல் வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் இருக்கும் நாடு. கீழே தொடர்புகளுக்கு என்று தொலைபேசி இலக்கங்கள். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டால் அவர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கும் வரமாட்டார். நான் எழுதிய அறிவித்தல்களில் இதுவரை ஒருவர் பெயரும் விடுபட்டதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான்காம் மாடி அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய கணவரை நான் அண்ணர் என்றுதான் கூப்பிடுவேன். கொலன்னாவையில் எண்ணெய்க் களஞ்சியத்தில் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரே மகன் கனடாவில். அண்ணர் கடைசியில் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்வையாளர் நேரம் குறைவு. விரல் நடுங்கியதால் அவரால் செய்தி தட்ட முடியவில்லை. அதனால் எல்லோரும் பாவிக்கும் அந்தத் தகவல் செயலியில், குரலாகவே பேசி அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் ஒருநாள் மத்தியானம் அக்கா ஒரு படிவத்துடன் கீழே வந்தார்.

"தம்பி, இவற்ற ஐடி நம்பர் உங்களிட்ட இருக்குமாம். ஆஸ்பத்திரியில கேக்கினம்."

எடுத்துக் கொடுத்தேன். தொடர்மனையின் குடியிருப்பாளர் பதிவை நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே இலக்கம் என்னிடம் இருந்ததில் அதிசயம் இல்லை. என்னிடம் இருப்பதாக யார் சொன்னது என்று அன்று நான் கேட்கவில்லை.

அண்ணர் காலமான அன்று காலை, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே அறிவித்தலை எழுதினேன். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவின் தம்பி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். மகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் திருத்தம் சொன்னார். பிறந்த ஊர், படித்த பாடசாலை, வேலை செய்த இடம், தாய்வழிக் குடும்பம், பதினொரு நாடுகளிலும் ஊர்களிலும் இருக்கும் உறவினர். கடைசியில் ஏழு தொலைபேசி இலக்கங்கள்.

"என்ர நம்பரும் வேணுமே தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"ஆட்கள் துக்கம் விசாரிக்க வேணுமல்லோ அக்கா" என்றேன்.

இலக்கத்தை எழுதினேன். வீட்டு விலாசத்தையும் மாடி எண்ணுடன் எழுதினேன். மத்தியானத்துக்குள் அது தட்டச்சாகி, அண்ணரின் படத்துடன் எத்தனையோ குழுக்களுக்குப் போய்விட்டது.

செத்தவீடு முடிந்து சனம் கலைந்தது. அக்கா காலையில் முதல் ரெயில் போனபிறகு தேநீரை வைத்துக்கொண்டு, அண்ணரின் குரல் செய்திகளில் ஒன்றிரண்டைக் கேட்பார். இதை அவரே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மொத்தம் முப்பத்தேழு இருந்தன. அவற்றில் விசேஷமாக எதுவும் இல்லை. நீலத் துவாயைக் கொண்டுவா, தேத்தண்ணிக்கு இவ்வளவு இஞ்சி வேண்டாம், பக்கத்துக் கட்டில்காரர் நேற்று வீட்டுக்குப் போய்விட்டார், இப்படித்தான். அண்ணர் வாழ்நாளில் கடிதம் எழுதாத மனிதர். அவர் பேசியதாக மிஞ்சியது அந்த முப்பத்தேழும்தான்.

பத்தொன்பதாம் நாள் மாலை நான் வேலையால் வந்து படியேறும்போது அக்கா எங்கள் கதவடியில் நின்றார். கையில் தொலைபேசி. செயலியைத் திறந்தால் அவருடைய இலக்கம் இந்தத் தொலைபேசியில் பதிவில் இல்லை என்று ஒரு வாசகம் வந்தது. அவரை இருத்தி, நடந்ததை முதலிலிருந்து கேட்டு எழுதினேன்.

காலை பத்து மணிக்குப் பிறகு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. ஜேர்மனியில் இருக்கும் அண்ணரின் தமையனின் மகன் என்று சொன்னானாம். அந்தியேட்டியை வெளிநாட்டில் உள்ளவர்கள் பார்க்க லைவ் ஒழுங்கு செய்கிறேன், அதற்கு ஒரு குறூப் தொடங்க வேண்டும், உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் வரும், அதைச் சொல்லுங்கள் என்றிருக்கிறான். அக்கா சொல்லிவிட்டார்.

"நம்பர் வேற நாடு மாதிரி இல்லையே அக்கா. சந்தேகம் வரேல்லையோ?"

"அவன் எடுத்தவுடன சின்னம்மா எண்டான் தம்பி. முறை தெரியாத ஆளெண்டால் நான் போனை வைச்சிருப்பன். எங்கட கலியாணத்துக்குப் பிறகு நான் அந்தப் பெடியனைக் கண்டதுமில்லை, குரலைக் கேட்டதுமில்லை. ஆனால் சின்னம்மா எண்டு கூப்பிட அவனை விட்டால் ஆரிருக்கினம்?"

நான் எழுதுவதை நிறுத்தினேன். அறிவித்தலின் எட்டாவது வரியில், ஜேர்மனியில் உள்ள இன்னாரின் அன்புச் சித்தப்பாவும் என்று இருந்தது. சித்தப்பாவின் மனைவி சின்னம்மா. இதைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு அரை நிமிடம் போதும்.

கனடாவிலிருந்து மகன் போன் எடுத்தார். தாயின் பெயரில் உறவினர் பலருக்கும் அவசர உதவி கேட்டுச் செய்தி போயிருக்கிறது என்றார். எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பிவிட்டாராம். பிறகு என்னிடம் தனியாகப் பேசினார்.

"அங்கிள், அவன் உள்ளுக்கு ஒரு பின் நம்பர் போட்டுப் பூட்டியிருக்கிறான். நாங்கள் ஏழு நாள் பொறுத்தால் அது இல்லாமலே திரும்ப எடுக்கலாம். அப்பான்ர வொய்ஸ் எல்லாம் அந்தப் போனுக்குள்ளதான் கிடக்கு. வேறெங்கயும் கொப்பி இல்லை. நான் செய்து வைச்சிருக்க வேணும், செய்யேல்லை. தயவுசெய்து ஒருத்தரையும் அந்தப் போனில கைவைக்க விடாதேங்கோ."

ஒரு சிறு தாளில் "இதில் எதையும் அழிக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, என் இலக்கத்தையும் சேர்த்து, தொலைபேசியின் முதுகில் ஒட்டினேன்.

மறுநாள் காலை அக்காவையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முறைப்பாட்டை எழுதிய அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையானவர். அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். சிங்களத்தில்தான் பேசினோம். எனக்கு முன்னால் இருந்த பெண் தன் மகளின் படத்தைத் திருடி யாரோ போலிக் கணக்குத் திறந்திருப்பதாக அழுதுகொண்டிருந்தார். அவருக்கு முன்னர் வந்தவர் இல்லாத வேலைக்குக் கடவுச்சீட்டின் பிரதியை அனுப்பியவர். அந்த வாரம் வந்த மற்றவற்றையும் அதிகாரி சலிப்புடன் சொன்னார். வாடகை வீடு என்று விளம்பரம் போட்டு ஏமாற்றியது, பிரிந்துபோன காதலியின் படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டியது, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கடவுச்சொல்லை வாங்கியது. வகை வேறாக இருந்தாலும் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது, உங்களைப் பற்றி அவர்களுக்கு முதலே ஏதோ தெரிந்திருக்கிறது என்றார்.

உறவுமுறை அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். கையோடு கொண்டுபோன ஆவணக் கோவையில் இருந்த அறிவித்தலின் பிரதியை நீட்டினேன். நான் எதற்கும் ஒரு பிரதி வைத்திருப்பவன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வரி வரியாகச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார்.

நான் விரலால் காட்டிச் சொல்லச் சொல்ல, அவர் சிவப்புப் பேனையால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். தாயின் குடும்பப் பெயரில் ஒரு கோடு. அது வங்கியில் கேட்கும் கேள்வி என்றார். பாடசாலைக்கு ஒரு கோடு. மகனின் நாட்டுக்கு ஒன்று. அக்காவின் தொலைபேசி இலக்கத்துக்கு இரண்டு. தனியாக இருக்கும் பெண், விலாசம், மாடி எண், அதற்கு ஒரு வட்டம். என் சொந்த எழுத்தை நானே மொழிபெயர்த்து, ஒரு குற்றத்தின் பொருட்பட்டியலாக வாசித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் வாசித்த எந்த ஆவணமும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

"மேக லிவ்வே கவுத?" இதை எழுதினது யார் என்று கேட்டார்.

"மம தமய்" என்றேன். நான்தான்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். எழுதிக்கொண்டார்.

அக்கா என் சட்டைக் கையைத் தொட்டார். "தம்பி, ஒண்டு கேளுங்கோ. அந்த இலக்கத்தை நான்தானே வாயால சொன்னனான். என்னிலயும் குற்றமோ?"

கேட்டேன். அதிகாரி பேனையை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தே பதில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஏமாற்றி வாங்கிய அனுமதி அனுமதி ஆகாது. உரிமை இல்லாமல் உங்கள் கணக்குக்குள் புகுந்தது ஒரு குற்றம். இன்னொருவராக நடித்தது இன்னொன்று. உங்கள் பெயரில் மற்றவர்களிடம் கேட்டது மூன்றாவது. மூன்றும் அவனுடையவை. உங்களுடையது எதுவுமில்லை. அக்காவுக்கு விளங்கட்டும் என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். "பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கின உறுதியை நீதிமன்றம் செல்லாதெண்டு தள்ளும் அக்கா. கையெழுத்துப் போட்டவரை ஒருத்தரும் கள்ளன் எண்டு சொல்லாயினம்."

அவர் தலையாட்டினார். எழுதியவரைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவர் கேட்கவில்லை. சட்டம் ஒன்றும் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

அந்த வாரம் அறிவித்தலைத் திரும்ப எடுக்க முயன்றேன். எந்தெந்தக் குழுவுக்குப் போனது என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவராகக் கேட்டேன், அழித்துவிடுங்கள் என்று. சிலர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். ஒருவர் என் செய்தியின் கீழேயே, தெரியாதவர்களுக்காக என்று அறிவித்தலை மீண்டும் போட்டார். லண்டனில் இருக்கும் அண்ணரின் மைத்துனர் ஒருவர் நேரே போன் எடுத்துச் சொன்னார்.

"கள்ளன் பாத்தால் பாக்கட்டும் ஐசே. எங்கட பேர் அதில இருக்கிறதைச் சனம் பாக்க வேணும். நீர் ஏன் இப்ப பயந்து சாகிறீர்?"

அக்காவின் தம்பியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர். தமக்கையில் உயிர். எந்தச் சாமானையும் கழற்றிப் பூட்டினால் சரிவரும் என்று நம்புபவர். கணக்குப் பூட்டுப்பட்ட மறுநாள் வந்தபோதே நான் ஒட்டிய தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அண்ணை, போனுக்குக் கலியாண நோட்டீஸ் அடிச்ச மாதிரி ஒட்டியிருக்கிறியள்?"

நான் காரணத்தைச் சொன்னேன். ஓம் ஓம் என்றார். அவர் காதில் விழவில்லை என்பது ஐந்தாம் நாள் தெரிந்தது. அன்று மாலை மேலே போனால் மேசையில் தொலைபேசி இல்லை.

"தம்பி வந்து கொண்டுபோட்டான்" என்றார் அக்கா. "வைரஸ் இருக்காம். கழுவித் தாறனெண்டான்."

அவருக்குப் போன் எடுத்தால் பதில் இல்லை. கொழும்பு - காலி வீதியில் பஸ் பிடித்துப் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து முச்சக்கர வண்டியில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவருடைய கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "மொபைல் ரிப்பெயார் கடையில நிக்கிறார்" என்று கையைக் காட்டினார். இரண்டு கடை தள்ளி இருந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நெற்றியில் விளக்குக் கட்டிய நடுவயது முஸ்லிம் மனிதர் ஒருவர். முன்னால் அக்காவின் தம்பி. மேசையில் தொலைபேசி. அதன் பக்கத்தில், உரித்து எடுத்த என் தாள்.

திருத்துபவர் தாளைத் தட்டிக் காட்டினார். "இத எழுதின ஆள் நீங்களா? இவரு எல்லாத்தயும் அழிச்சுப் புதுசாக்கச் செல்றாரு. பேப்பர் வாணாம்னு செல்லுது, அதுவும் மூணு பாஷையில. நான் யாருட பேச்சக் கேக்கிற? அதான் இதில உள்ள நம்பருக்கு ரெண்டு தரம் எடுத்த. நீங்க தூக்கல்ல."

பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்கவில்லை. நன்றி சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பொறுங்க. நான் ஒண்ணும் செய்யல்ல. ஆனா இவரு வரக்கொள்ளயே அந்த மெசேஜ் அப்ப அழிச்சிட்டுத்தான் வந்தாரு. உள்ளுக்குப் பழைய கொப்பி ஈக்கலாம். போன் தானா ஒண்ணு எழுதி வெக்கிற. ஈக்கும்னு சத்தியம் பண்ண எனக்கு ஏலா."

அக்காவின் தம்பி என் பக்கம் திரும்பினார். "அண்ணை, அப்பை அழிச்சால் கள்ளனும் அழிஞ்சு போவான் எண்டு நினைச்சன். அத்தான்ர குரல் அதுக்குள்ள எண்டு எனக்கு மெய்யா விளங்கேல்லை."

அவருடன் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. உதவி செய்வதாக நினைத்து நானும்தானே எழுதினேன்.

தொலைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அக்காவிடம் சொல்லாமல் இரண்டு நாள் கடத்தலாமா என்ற எண்ணம் வந்தது. நான்காம் மாடிக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது. பிறகு தண்ணீரை வடித்தார்.

"அவனை ஏசாதேங்கோ" என்றார். "அழிஞ்சிருந்தால் எந்த மட்டில தெரியும்?"

"நாளையிண்டைக்கு, அக்கா."

"அதுவரைக்கும் இருக்குதெண்டே வைச்சுக்கொள்ளுவம்."

ஏழாம் நாள் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புப் போட்டேன். காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு அக்காவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அறிவித்தல் எழுதிய அதே மேசை. அக்காவின் தம்பி உட்காராமல் யன்னலடியில் நின்றார். என் தொலைபேசியில் மகன். செயலியைப் புதிதாக இறக்கினோம். இலக்கத்தைக் கொடுத்தோம். ஆறு இலக்கம் வந்தது. அக்கா அதை வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"சொல்லலாமோ தம்பி?"

"சொல்ல வேண்டாம் அக்கா. நீங்களே அடியுங்கோ."

ஒவ்வொரு இலக்கமாக அடித்தார். பூட்டு விட்டிருந்தது. அடுத்து ஒரு கேள்வி வந்தது. பழைய பிரதி ஒன்று இருக்கிறது, மீட்பதா, விடுவதா.

"மீட்கிறதை அமத்துங்கோ அங்கிள், மற்றதில கை படவேண்டாம்" என்றார் மகன்.

அமத்தினேன். பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்தது. யன்னலுக்குக் கீழே ரெயில் ஒன்று தெற்குப் பக்கம் போய் முடிந்தது. பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து நிரம்பின. அண்ணரின் படம் ஐந்தாவதாக வந்தது. அதைத் திறந்தால், குரல் செய்திகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன.

அக்காவின் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விரலால் திரையை மேலே தள்ளி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கினேன். எட்டு வரும்போது அக்கா தன் கையைத் திரையின்மேல் வைத்தார்.

"எண்ணாதேங்கோ தம்பி."

தொலைபேசியைத் தன் பக்கம் எடுத்து, எதையும் தேடாமல், கைபட்ட ஒன்றை அமத்தினார். ஆஸ்பத்திரி விசிறியின் இரைச்சல் கேட்டது. ஒரு இருமல். பிறகு அண்ணர்.

"இஞ்ச, அந்தப் போமுக்கு ஐடி நம்பர் கேக்கிறாங்கள். எனக்குப் பாடமில்லை. நீ அலுமாரியைக் கிண்டி மினக்கெடாத. கீழ் வீட்டுத் தம்பியிட்டப் போய்க் கேள். என்ர விபரமெல்லாம் அவரிட்டக் கிடக்கு. அவரிட்ட இருந்தால் பத்திரம்."

விசிறி இன்னும் இரண்டு நொடி சுற்றியது. செய்தி முடிந்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தார் என்று நினைக்கிறேன். அடுத்ததையும் கேட்கவில்லை. எழுந்து தேத்தண்ணி போடப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இஞ்சி கூடத்தான் இருந்தது.

ஆள் இதுவரை பிடிபடவில்லை. அவன் பேசிய இலக்கம், இதைப் பற்றி எதுவும் அறியாத வேறொருவரின் பெயரில் பதிவாகியிருந்ததாகப் பொலிஸில் சொன்னார்கள். முறைப்பாட்டின் இலக்கம் என் கோவையில் இருக்கிறது. அந்தியேட்டிக்கு வெளியிட்ட கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகத்தில் முறைகள் மட்டும் இருந்தன. நாடுகளும் இலக்கங்களும் இல்லை. லண்டன் மைத்துனர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

அந்த ஏழாம் நாள், அக்காவின் தேநீரைக் குடித்துவிட்டுக் கீழே வந்து, குடியிருப்பாளர் பதிவை எடுத்தேன். ஒவ்வொரு வீட்டின் தாளையும் தனியாகக் கழற்றி, உறையில் போட்டு, அந்தந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தேன். சிலர் ஏன் என்று கேட்டார்கள். இனி நீங்களே வைத்திருங்கள் என்றேன். நான்காம் மாடிக்குரிய உறையைக் கொண்டுபோனபோது அக்கா அதைத் திறந்து பார்த்தார். அண்ணரின் வரியை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு மடித்து, உறைக்குள் வைத்து, என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"அவர் உங்களிட்ட இருக்கட்டும் எண்டுதானே சொன்னவர்" என்றார்.

அன்றைய நாட்குறிப்பில் பத்து நாற்பது என்று நேரத்தை எழுதினேன். மீட்கப்பட்டது என்று எழுதினேன். அண்ணர் சொன்னதை அதில் எழுதவில்லை.